குதிக்க வேண்டாம், தொங்கி இறங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக இருக்கும் நான் அமெரிக்கப் பாலைவனத்தைப் பற்றி எழுதக் காரணம் ஒரு குதிக்கால். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் ஊன்றுகோலோடு என்னிடம் வந்தார். யூட்டா மாநிலத்தில் மலைப்பிளவுகளுக்குள் நடக்கப் போன இடத்தில், கீழே மணல்தானே என்று ஏழடிப் பாறையிலிருந்து குதித்திருக்கிறார். "பஞ்சு மாதிரி மணல் மிஸ், நம்பிக் குதிச்சிட்டன்" என்றார். இரண்டு அங்குல மணலுக்குக் கீழே கல். உடம்பின் பாரம் முழுக்க அந்த ஒற்றை எலும்பில் இறங்கினால் அது முட்டைக்கோது போல நொறுங்கிவிடும், பொருந்திய பிறகும் மேடுபள்ளத்தில் கால் வைக்க மாதக்கணக்கில் பயம் இருக்கும்.

அவர் போனது பீக்கபூ, ஸ்பூக்கி என்ற இரண்டு பிளவுகளையும் சுற்றிவரும் நடை. எஸ்கலான்டே என்ற சிறிய ஊருக்குக் கிட்ட, பிரதான வீதியிலிருந்து விலகி 26 மைல் கிரவல் பாதையில் போகவேண்டும். மணற்கல்லை வெள்ளம் அறுத்து அறுத்து உண்டான இடுக்குகள் இவை. எங்கள் ஒழுங்கைகளில் இரண்டு சைக்கிள் விலத்தும். ஸ்பூக்கியில் சில இடம் 10 அங்குலம்தான், பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரவேண்டும். பீக்கபூவின் வாயிலில் சுமார் 12 அடி ஏற்றம். கயிறு இல்லாமல் ஏறலாம், பாறையில் கால் வைக்கக் குழிகள் இருக்கின்றன.

ஏறும்போது பிடியும் குழியும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியாது, காலால் தடவித்தான் தேடவேண்டும். பீக்கபூவால் ஏறி ஸ்பூக்கியால் இறங்கி வாருங்கள் என்று அங்கே சொல்வதில் இதுவும் ஒரு காரணம். எதிரே ஆள் வந்தால் விலத்தவும் இடமில்லை. ஸ்பூக்கியிலும் பாறைகள் விழுந்து அடைத்த ஓரிடத்தில் இறங்கத்தான் வேண்டும். அங்கே முதலில் விளிம்பில் உட்காருங்கள், பிறகு பாறைப் பக்கம் திரும்பி, வயிற்றை ஒட்டி, கைகளை முழுதாக நீட்டித் தொங்குங்கள். ஏழடி உயரத்தில் சராசரி ஆளின் கால் அநேகமாக நிலத்தில் முட்டிவிடும், மிஞ்சினால் ஒரு சாண்.

அடுத்தது வெள்ளம், இதற்குத்தான் நான் கூடுதலாகப் பயப்படுகிறேன். எங்கள் ஊரில் மழை பெய்தால் சுண்ணக்கல் நிலம் குடிக்கும், மிச்சம் முற்றத்தில் மெல்ல ஏறும், சாமானை மேலே தூக்கி வைக்கவாவது நேரம் கிடைக்கும். அங்கே வெறும் பாறை, பெய்தது அத்தனையும் பிளவுக்குள் ஒரேயடியாக ஓடிவரும். 1997 ஓகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் அன்டிலோப் பிளவில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள், வழிகாட்டி ஒருவர்தான் பிழைத்தார். மழை பெய்தது சில மைல் தள்ளி. ஆகவே தலைக்கு மேல் நீல வானம் தெரிகிறதே என்று உள்ளே போகாதீர்கள். அமெரிக்க வானிலைச் சேவை அந்தப் பகுதிகளுக்குத் திடீர் வெள்ள அபாயத்தைத் தரம்பிரித்து வெளியிடுகிறது, அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இடிமழைக் காலம்.

சூடு எங்களுக்குப் பழக்கம்தானே என்பார்கள். எங்களுடையது புழுக்கம், வியர்வை உடம்பில் நிற்கும். அங்கே காற்று வறண்டது, வியர்த்ததே தெரியாமல் காய்ந்துவிடும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்புக் குறையும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கலவையான ஜீவனிப் பக்கற்றும் உப்புள்ள தீனும் கொண்டுபோங்கள். கைபேசிக்கு அங்கே சிக்னலை நம்ப முடியாது.

இந்தக் கிழமை ஒரு பிள்ளை வந்தார். கணுக்கால் பழைய சுளுக்கு, ஓகஸ்டில் அதே இடத்துக்குத் தங்கச்சியோடு போகிறாராம். கிளினிக் மதிலில் தொங்கி இறங்கிப் பழக்கினேன், மூன்றாம் முறைதான் பயமில்லாமல் கையை நீட்டினார். ஒக்டோபருக்கு மாற்றலாமோ என்று தங்கச்சியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.