உயிர் பாயும் வழி, நோய் பரவும் வழி: மறுமலர்ச்சிக் காலத்து முத்தம்

1528இல் வெனிஸில் அச்சான ஒரு நூலில், உர்பீனோ அரண்மனையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசும் ஒரு கூட்டம் வருகிறது. எழுதியவர் பால்தசாரே காஸ்தில்யோனே. அரசவையில் இருப்பவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தொடங்கும் பேச்சு, கடைசியில் காதலில் வந்து நிற்கிறது. அங்கே பியெத்ரோ பெம்போ எழுந்து ஒரு விசித்திரமான சலுகை தருகிறார். இவர் நிஜத்தில் வாழ்ந்த கவிஞர், பின்னாளில் கார்டினலும் ஆனவர். உடல் இச்சைக்கு அடிமையானவனுக்கு முத்தம் ஆகாது, அறிவுக்குக் கட்டுப்பட்ட காதலனுக்கு அதில் தப்பில்லை என்கிறார். ஏனென்றால் வாய் என்பது சொல் வெளிவரும் வாசல், மூச்சு வெளிவரும் வாசல். இரண்டு வாய்கள் சேரும்போது இரண்டு உயிர்கள் ஒன்றுக்குள் ஒன்று பாய வழி திறக்கிறதாம்.

கவிஞர் ஏதோ மிகையாகச் சொல்கிறார் என்று இதைத் தள்ளிவிடத் தோன்றும். அந்தக் காலத்து மருத்துவம் படித்தவருக்கோ இது கிட்டத்தட்ட உடலியல் பாடம்.

பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் வழி வந்த மருத்துவத்தில் உடம்பு இப்படித்தான் ஓடியது. சாப்பிட்டது ஈரலில் ரத்தமாகிறது. அதில் ஒரு பங்கு இதயத்தின் இடது அறைக்குப் போய், நுரையீரல் வழியே வந்த காற்றோடு கலந்து, சூடேறி, மெல்லிய ஆவியாகிறது. அந்த ஆவி மூளைக்குப் போனதும் இன்னும் நுண்மையாகி, நரம்புகளுக்குள் ஓடி உணர்வையும் அசைவையும் தருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆன்மாவையும் சதையாலான உடம்பையும் இணைத்து வைத்திருப்பது இந்த ஆவிதான். மூச்சு இதற்கு மூலப்பொருள். ஆகவே ஒருவர் மூச்சு இன்னொருவருக்குள் போனால் வெறும் காற்று மட்டும் போகவில்லை என்று நினைத்தது அவர்கள் கணக்கில் நியாயம்தான்.

சரி, கை தொட்டால் போகாத எதுவோ உதடு தொட்டால் மட்டும் போகிறதா? பெம்போவுக்கு இருந்த சிக்கல் இதுதான். புளோரன்சில் தத்துவவாதி மார்சீலியோ ஃபிசீனோ 1469இல் காதலைப் பற்றி எழுதி முடித்த உரை ஒன்று புலன்களுக்கு ஏற்கெனவே படிநிலை வகுத்துவிட்டது. மனமும் கண்ணும் காதும் உயர்ந்தவை, அழகு அவற்றின் வழியேதான் வரும். மூக்கும் நாக்கும் தொடு உணர்வும் கீழே. கண் வழியே காதல் எப்படி நுழைகிறது என்பதற்கும் ஃபிசீனோ இயங்குமுறை சொன்னார்: கண்ணிலிருந்து புறப்படும் கதிரோடு ரத்தத்தின் ஆவியும் கிளம்பி, பார்க்கிறவர் கண்ணுக்குள் போய், இதயம் வரை இறங்குகிறது. அதற்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டது கண்நோயை. சிவந்த கண்ணைப் பார்த்தால் பார்த்தவருக்கும் தொற்றுகிறதே, ஏதோ ஒன்று வந்துதானே ஆக வேண்டும்? காதலுக்கு உவமை தேடப் போய்த் தொற்றுநோயில் கை வைத்திருக்கிறார் மனிதர்.

அவர் வகுத்த படிநிலைப்படி முத்தம் கீழ்த்தட்டு. பெம்போ அதை மேலே தூக்கிய விதம் தந்திரமானது. முத்தத்திலிருந்து தோலைக் கழற்றிவிட்டு மூச்சை மட்டும் வைத்துக்கொண்டார். இந்த மூச்சு முத்தம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. இங்கிலாந்து நாடக மேடையில் நாடகாசிரியர் மார்லோவின் நாயகன் ஃபாஸ்டஸ், கிரேக்கக் கதைகளின் பேரழகி ஹெலனை முத்தமிட்டதும் தன் உயிரை அவள் உதடு உறிஞ்சிவிட்டதென்றும், அதோ பறக்கிறதென்றும் அலறுகிறான்.

இதை ஓவியத்தில் பார்க்க வேண்டுமென்றால் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இத்தாலிய ஓவியர் கொரெஜ்ஜோ 1530 வாக்கில் வரைந்த ‘ஜூபிடரும் அயோவும்’ அங்கே இருக்கிறது. அயோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. அவளை அணைப்பது சாம்பல் நிற மேகம், அதுதான் ரோமர்களின் தலைமைக் கடவுள் ஜூபிடர். மேகத்திலிருந்து பஞ்சுப் பாதம் மாதிரி ஒரு கை நீண்டு அவள் இடுப்பைச் சுற்றுகிறது. முகத்தருகே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் புகைக்குள் ஒரு மூக்கும் உதடும் தெரியும். முத்தமிடுவது அந்த உதடுதான். கதை ரோமக் கவி ஓவிட் சொன்னது. ஆவியே உடல் எடுத்து வந்து முத்தமிடுவதாகக் காட்டியது கொரெஜ்ஜோவின் தூரிகை. ஆனால் அயோவின் முதுகும் தோளும் எவ்வளவு கனமாக, வெதுவெதுப்பாக இருக்கின்றன! தொடு உணர்வு கீழானது என்று தத்துவவாதிகள் எழுதிக்கொண்டே இருக்க, ஓவியர்கள் பார்ப்பவர் கைகளைக் கூச வைக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இதற்கிடையே கழற்றிவிட்ட தோல் வேறு வழியாகத் திரும்பி வந்தது. 1495இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லஸின் படை நேப்பிள்ஸில் இருந்தபோது ஒரு புதுநோய் வெடித்தது. இத்தாலியர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள், நம் பக்கத்தில் பறங்கிப்புண். இன்றைய பெயர் சிபிலிஸ். 1499இல் இங்கிலாந்துக்குப் போன நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ், அங்கே வந்தால் முத்தம், போனால் முத்தம், திரும்பி வந்தால் மறுபடி முத்தம் என்று நண்பருக்கு ஆனந்தமாகக் கடிதம் எழுதினார். அவரே 1529இல், இந்த நோய் பிடித்த பிரபுவுக்குச் சின்னப் பெண்ணைக் கட்டிவைக்கும் பெற்றோரைக் கிழித்து ஓர் உரையாடல் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சராக இருந்த கார்டினல் வூல்சி மேல் சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று: தனக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தும் ஹென்றியின் காதருகே வந்து கிசுகிசுத்து, தொற்று மூச்சை மன்னர் மேல் ஊதினார். உயிரைக் கடத்திய அதே மூச்சு இப்போது விஷத்தைக் கடத்துகிறது.

வெரோனா மருத்துவர் ஜிரோலாமோ ஃப்ரகஸ்தோரோ 1530இல் இந்த நோயைப் பற்றி லத்தீனில் ஒரு காவியமே எழுதினார். நோய்க்குச் சிபிலிஸ் என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான். அதை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? முத்தத்துக்காக வாதாடியதாக நூலில் வரும் அதே பெம்போவுக்கு! 1546இல் ஃப்ரகஸ்தோரோ தொற்றைப் பற்றித் தனி நூல் எழுதி அதை மூன்றாகப் பிரித்தார்: நேரடித் தொடுதலால் வருவது, துணிமணி போன்ற பொருள்கள் வழியே வருவது, தூரத்திலிருந்தே வருவது. பரவுவது கண்ணுக்குத் தெரியாத ‘நோய் விதைகள்’ என்றார். உயிருள்ள கிருமி என்ற எண்ணம் அவருக்கு இல்லை. ஆனாலும் தொடுதலைத் தனி வகையாக எடுத்து வைத்தது பெரிய நகர்வு.

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் புளோரன்ஸ் ஓவியர் பிரோன்சீனோவின் படமும் ஏறக்குறைய இந்தக் காலம்தான், 1545 வாக்கில். வீனஸும் மன்மதனும் முத்தமிடுகிறார்கள். ஓரத்தில் ஓர் உருவம் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு கதறுகிறது. பொறாமையின் உருவம் என்றுதான் முன்பு சொல்லிவந்தார்கள். வீங்கிய விரல், சிவந்த கண், விழுந்த பல் எல்லாவற்றையும் வைத்து, சிபிலிஸ் நோயாளி என்று பிற்பாடு வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் பிடிக்கிறது, நிரூபணம் கேட்டால் கையில் இல்லை.

இன்று நமக்குத் தெரிந்த கதை வேறு. உதட்டின் மேல்தோல் மெல்லியது, அடியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. அழுத்தம் பட்டதும் முனையில் உள்ள பியெசோ2 என்ற புரதம் கதவுபோல் திறக்க, மின்னேற்றம் கொண்ட அயனிகள் உள்ளே பாய்ந்து மின்துடிப்பு கிளம்புகிறது. பியெசோ புரதங்களை 2010இல் அடையாளம் கண்ட ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மூளையில் தொடு உணர்வுக்கான பட்டையில் உதட்டுக்கு ஒதுக்கிய இடமும், அதன் அளவோடு பார்த்தால் மிக அதிகம். ஆனால் இதில் எதுவும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதில்லை. அவரவர் மூளை அவரவர் உதட்டைத்தான் உணர்கிறது.

உண்மையில் கைமாறுவது எச்சில். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் 21 ஜோடிகளைச் சோதித்தார்கள். நாக்கு படும் 10 விநாடி முத்தத்தில் சுமார் 8 கோடி பாக்டீரியாக்கள் இடம் மாறும் என்று கணக்கிட்டார்கள். சிபிலிஸ் கிருமியை ஷௌடினும் ஹாஃப்மனும் 1905இல் கண்டுபிடித்தார்கள். உடம்புக்கு வெளியே, உலர்ந்த இடத்தில் அது வெகுநேரம் தாங்காது. வாயில் புண் இருந்தால் முத்தத்தில் தொற்றலாம், அதுவும் அரிதாகத்தான். காதில் ஊதியெல்லாம் அது பரவாது. வூல்சிக்கு அந்த நோய் இருந்திருந்தாலும் அவருடைய மூச்சால் ஹென்றிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.