உறைதோள்: ஒரு 'த்' போடாமல் எழுத வேண்டிய சொல்

தோள்மூட்டு வலித்து, இறுகி, அசைய மறுக்கும் நோயை 'ஃப்ரோசன் ஷோல்டர்' (உறைந்த தோள்) என்று மருத்துவர் சொன்னதும் பலர் முதலில் கேட்பது, "ஏசியில் படுத்ததாலா டாக்டர்?" என்பதைத்தான். எல்லாம் அந்தப் பெயர் செய்யும் வேலை. இந்த நோய்க்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை.

பெயரை நிலைக்கச் செய்தவர் போஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், 1934-இல். அசைவு நின்றுபோவதைப் பார்த்து வைத்த பெயர் அது. வரையறுப்பதும் கடினம், குணப்படுத்துவதும் கடினம், விளக்குவதும் கடினம் என்று அவரே கையை விரித்திருக்கிறார். அவருக்கு வெகு முன்பே, 1872-இல், பிரான்சின் டூப்ளே இதை மூட்டைச் சுற்றிய அழற்சி என்று விவரித்திருந்தார். 1945-இல் ஜூலியஸ் நெவியாசர், மூட்டைப் போர்த்தியிருக்கும் உறை தடித்துச் சுருங்கி, பிளாஸ்திரி போல எலும்பின் தலையில் ஒட்டிக்கொள்கிறது என்று கண்டு 'அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ்', அதாவது 'ஒட்டு மூட்டுறை அழற்சி' என்றார். பிற்பாடு மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது அந்த ஒட்டுதல் பெரும்பாலும் தென்படவில்லை. தடிப்பும் சுருக்கமும்தான் மிஞ்சின. ஜப்பானியர் இந்த வம்பே வேண்டாம் என்று 'ஐம்பது வயதுத் தோள்' என்ற பொருளில் 'கோஜூகத்தா' என்கிறார்கள். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வருவதால் அதுவும் பொருத்தம்தான்.

சரி, தமிழில்? 'உறைந்த தோள்பட்டை' என்று பரவலாக எழுதுகிறோம். இதில் இரண்டு கோளாறுகள். தோள்பட்டை என்பது முதுகின் மேற்புறம் இருக்கும் தட்டை எலும்புக்கும் பெயர். நோய் இருப்பதோ தோள்மூட்டில். பழைய இலக்கியத்தில் தோள் என்றால் மேற்கையும் சேர்த்தி. தலைவி மெலிந்தால் தோள் நெகிழ்ந்தது, தொடி கழன்றது என்பார்கள். உறைதோள் வந்தவரிடம் எங்கே வலி என்று கேட்டால் மேற்கையின் வெளிப்பக்கத்தைத்தான் தடவிக் காட்டுவார். ஆக, வெறும் 'தோள்' போதும்.

இரண்டாவது கோளாறு 'உறைந்த' என்ற இறந்தகாலம். நோய் ஒரேயடியாக உறைந்து வருவதில்லை. முதலில் இரவில் தூங்கவிடாத வலியும் மெல்லக் குறையும் அசைவும்; அப்புறம் வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும்; கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். எல்லாம் முடிய ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். 'உறைதோள்' என்றால் அது வினைத்தொகை, ஊறுகாய் போல. உறைந்த, உறைகின்ற, உறையும் என்று மூன்று காலமும் அதற்குள் அடக்கம். இடையில் 'த்' போட்டு 'உறைத்தோள்' என்று எழுதினால் வினைத்தொகை போய்விடும். உறையை உடைய தோள் என்று ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், நோய் குடியிருப்பது அந்த உறையில்தான்! இலக்கணப்படி இரண்டு 'உறை'யும் வேறுவேறு. ஆனாலும் ஆங்கிலத்துக்குக் கிடைக்காத இந்தத் தற்செயலை விட எனக்கு மனமில்லை. நோயின் மருத்துவப் பெயருக்கு 'மூட்டுறை அழற்சி' போதும். பொய்த்துப்போன 'ஒட்டு' எதற்கு?

தோள்வலி எல்லாவற்றையும் உறைதோள் என்று சொல்வது இன்னொரு பழக்கம். சோதித்துப் பார்ப்பது எளிது. முழங்கையை விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடக்கிக்கொள்ளுங்கள். இன்னொருவர் உங்கள் முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பட்டும். நல்ல தோள் தாராளமாகத் திரும்பும். உறைதோள் பாதிகூடப் போகாமல் கதவில் முட்டியதுபோல நிற்கும். கையைத் தூக்கச் சொன்னால் தோள்பட்டை எலும்பு காதை நோக்கி ஏறுமே தவிர மூட்டு அசையாது. மாறாக, தோளைச் சுழற்றும் நான்கு தசைகளின் நாண் கிழிந்தவரால் தானாகக் கையைத் தூக்க முடியாமல் போகலாம். பிறர் தூக்கினால் பெரும்பாலும் கை மேலே போய்விடும். அது உறைதோள் அல்ல. நீரிழிவோ தைராய்டு கோளாறோ உள்ளவர்களுக்கு உறைதோள் வரும் வாய்ப்பு அதிகம். அடிபட்டு வெகுநாள் கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் வரும்.

எக்ஸ்ரேயில் உறைதோள் தெரியாது, படம் சாதாரணமாகவே இருக்கும். பின் எதற்கு எடுக்கச் சொல்கிறார்கள்? மூட்டுத் தேய்மானத்திலும், பின்பக்கம் விலகி மாட்டிக்கொண்ட மூட்டிலும் கை இதேபோலத்தான் வெளிப்பக்கம் திரும்ப மறுக்கும். அவை இரண்டும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான்.