உள்ளாய்வு: ‘இன்ஸ்பெக்ட்’ என்ற சொல்லும் அதற்கான தமிழும்

இணையச் செயலி ஒன்று தவறான விடையைக் காட்டும்போது, நிரலாளர் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இடையில் நிறுத்தி, அந்தக் கணத்தில் ஒவ்வொரு மாறியும் எந்த மதிப்பைத் தாங்கியிருக்கிறது, ஒவ்வொரு பொருளுக்குள்ளும் (அதாவது, பல பண்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ‘ஆப்ஜெக்ட்’டுக்குள்) என்னென்ன பண்புகள் இருக்கின்றன என்று பார்க்கிறார். இந்தச் செயலுக்குத்தான் ‘இன்ஸ்பெக்ட்’ என்று பெயர். சிங்கப்பூரில் தமிழ் பேசும் நிரலாளர்கள் ‘இன்ஸ்பெக்ட் பண்ணிப் பார்’ என்றே சொல்கிறார்கள். பேச்சுக்கு அது போதும். ஆனால், பாடக்குறிப்பையோ கையேட்டையோ தமிழில் எழுத உட்கார்ந்தால், சோதனை, பார்வையிடல், கண்காணிப்பு, ஆய்வு எனப் பல சொற்கள் வந்து நிற்கின்றன. அவற்றுள் எதை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். ‘இணையம்’ என்ற சொல்லைத் தந்தவராக அறியப்படும் நா. கோவிந்தசாமி வாழ்ந்த ஊர் இது. 1997இல் தமிழ் இணைய மாநாடு கூடிய ஊரும் இதுவே. அந்த அக்கறை இங்கே தொடர்வது இயல்பானது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘இன்’ என்றால் உள்ளே. ‘ஸ்பெகெரே’ என்றால் பார்த்தல். உள்ளே பார்ப்பது என்பதே அடிப்படைப் பொருள். நிரலின் குறையைக் கண்டறிந்து நீக்குவதைக் குறிக்க இதனுடன் சேர்ந்தே வழங்கும் ‘டீபக்’ என்ற சொல்லில் உள்ள ‘பக்’, 1947இல் ஹார்வர்டு மார்க் 2 கணினிக்குள் அகப்பட்ட அந்துப்பூச்சியிலிருந்து வந்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று. எடிசன் 1878இலேயே தம் கடிதம் ஒன்றில் கருவிகளின் குறைகளை அப்படிக் குறித்திருக்கிறார். தமிழில் அதற்கு ‘வழு’ என்பது நன்றாகவே பொருந்துகிறது; திணை வழு, பால் வழு, கால வழு என்று குறைகளை வகைப்படுத்திப் பழகிய மொழிக்கு அது புதிய சொல்லும் அன்று.

இனி ‘இன்ஸ்பெக்ட்’ என்பதற்கு வருவோம். ‘சோதனை’ என்பது முதலில் தோன்றும் சொல். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்வருகிற நமக்கு அதன் பொருள் தெளிவாகவே தெரியும்: எது அனுமதிக்கத்தக்கது என்ற விதி முன்கூட்டியே இருக்கிறது, அதற்கு ஒத்துவருகிறதா இல்லையா என்பதே கேள்வி. நிரலாக்கத்தில் இந்தப் பொருளுக்கு உரியது ‘டெஸ்ட்’. அங்கே ‘சோதனை’ ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. மாறியைப் பார்க்கிறவர் இன்ன மதிப்பு இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இருப்பது எது என்று அறியவே போகிறார். ‘பார்வையிடல்’ அமைச்சர்களும் அதிகாரிகளும் வந்து போவதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. வேர்ப்பொருளை அப்படியே பின்பற்றி ‘உள்நோக்கம்’ என்று எழுதினால், மறைந்திருக்கும் கெட்ட எண்ணம் என்ற பொருள் முந்திக்கொள்ளும்.

எஞ்சுவது ‘ஆய்வு’. ‘ஆய்’ என்ற வினை மிகப் பழையது. தொல்காப்பியத்தின் உரியியல், ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்னும் நான்கும் ‘உள்ளதன் நுணுக்கம்’ என்ற பொருளைத் தரும் என்கிறது. உள்ளது உள்ளதாகவே இருக்க, அதன் நுண்மையைக் காட்டும் சொல் என்று இதைக் கொண்டால், நமக்கு வேண்டிய பொருளுக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். தேக்கா சந்தையில் வாங்கிய கீரையை வீட்டில் ஆய்கிறோம் என்று சொல்லும்போதும் இதே வினையைத்தான் ஆள்கிறோம். தண்டு வேறு, இலை வேறு, பழுத்தது வேறு என்று பிரித்துப் பார்ப்பதே அங்கு நடக்கிறது. தமிழ்நாட்டில் காவல்துறை இன்ஸ்பெக்டரை ‘ஆய்வாளர்’ என்றே எழுதுகிறார்கள். ஆயினும் ‘ஆய்வு’ என்று மட்டும் சொன்னால், பல்கலைக்கழக ஆராய்ச்சியும் கருத்துக்கணிப்பும் நினைவுக்கு வருகின்றன. ஆகவே ‘உள்’ என்பதை முன்சேர்த்து ‘உள்ளாய்வு’ என்று ஆள்வதே பொருத்தம் என்று கருதுகிறேன். லத்தீன் வேரின் ‘உள்ளே’ என்ற பொருளும் அதனால் கிடைத்துவிடுகிறது.

சொல் பொருந்துகிறதா என்பதை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். உணவு வாங்கும் செயலி ஒன்றில் சாப்பாட்டின் விலை 5.50 வெள்ளி, கொண்டுவந்து தரும் கட்டணம் 2 வெள்ளி. கூட்டுத்தொகை 7.50 என்று வர வேண்டிய இடத்தில் 5.502 என்று திரையில் வருகிறது. நிரல் வரியைப் படித்தால் கூட்டல் குறி சரியாகவே இருக்கிறது. கூட்டல் நடக்கும் வரியில் நிரலை நிறுத்தி ‘விலை’ என்ற மாறியை உள்ளாய்ந்தால், 5.50 என்பதன் இருபுறமும் மேற்கோள்குறிகள் தென்படும். அது எண் அன்று, எழுத்துச் சரம்; அதாவது, கணினி வெறும் எழுத்துகளின் வரிசையாகக் கொள்வது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சரத்தோடு எண்ணைக் கூட்டினால், எண்ணும் சரமாக மாறிப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். திரையில் அச்சான விலையில் மேற்கோள்குறிகள் தெரிவதில்லை, உள்ளாய்வில்தான் தெரிகின்றன.

பொருள்களைப் பார்க்கும்போது இன்னொரு நுட்பமும் உண்டு. குரோம் உலாவியில் நிரலின் பதிவுகளைக் காட்டும் கன்சோலில் ஒரு பொருளைப் பதிவிட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்து அம்புக்குறியை அழுத்தி விரித்தால், அதன் பண்புகள் விரித்த நேரத்து மதிப்புகளைக் காட்டும். பதிவிட்ட நேரத்து மதிப்புகளை அல்ல. இடையில் நிரலின் வேறொரு செயற்கூறு (‘ஃபங்ஷன்’) அந்தப் பொருளை மாற்றியிருந்தால், பார்ப்பவர் பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததாக எண்ணிவிடுவார். விரித்த பொருளின் பக்கத்தில் உலாவி ஒரு சிறு தகவல் குறியை வைத்து இதை எச்சரிக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. பொருளைப் படியெடுத்துப் பதிவிடலாம். அதைவிட, நிரலையே அவ்விடத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

அப்படி நிறுத்தும் இடத்துக்கு ‘பிரேக்பாயிண்ட்’ என்று பெயர். தொடக்கக் காலக் கணினிகளுள் ஒன்றான எனியாக்கில் நிரலின் ஓட்டத்தைக் கம்பிகளே தீர்மானித்தன. குறித்த இடத்தில் கம்பியைப் பிடுங்கி ஓட்டத்தைத் துண்டித்ததால் அப்பெயர் வந்தது. இன்று எதுவும் துண்டிக்கப்படுவதில்லை. நின்ற நிரல் மீண்டும் அங்கிருந்தே தொடர்கிறது. எனவே ‘முறிவுப்புள்ளி’ என்பதைவிட ‘நிறுத்தப்புள்ளி’ தெளிவானது. ‘வாட்ச்’ என்பதற்குக் ‘கண்காணிப்பு’ என்பதை வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் ஒரே மாறியின் மதிப்பு அடியடியாக எப்படி மாறுகிறது என்பதை அது தொடர்ந்து காட்டுகிறது. நின்ற இடத்தில் உள்ளதைத் திறந்து பார்ப்பது உள்ளாய்வு. ‘நிறுத்தப்புள்ளி வைத்து விலையை உள்ளாய்ந்தேன், பிறகு கூட்டுத்தொகையைக் கண்காணிப்பில் சேர்த்தேன்’ என்று எழுதினால், எந்த வேலை எப்போது நடந்தது என்பது தமிழிலேயே விளங்கும்.