ஹொண்டா ஃபிட் வாங்குமுன் செசி நம்பரைப் பாருங்கள்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. புதிதாக வருபவற்றின் விலை எட்டாததால் யாழ்ப்பாணத்தில் இன்றும் பலர் தேடுவது பழைய 'ஃபிட் ஹைப்ரிட்'தான். அந்தப் பெயரில் குணம் வேறான இரண்டு கார்கள் விற்கப்படுகின்றன.

2001 ஜூனில் ஜப்பானில் வந்த ஃபிட், பெற்றோல் தாங்கியை முன் இருக்கைக்குக் கீழே வைத்துச் சின்ன உடம்பில் பெரிய இடம் தந்தது. 33 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கொரோலாவை 2002இல் விற்பனையில் முந்தியது. 2010 ஒக்ரோபரில் வந்த முதல் ஹைப்ரிட் ஜிபி1 (செசி நம்பரின் தொடக்கமே இந்தப் பெயர்): படிகளில்லாமல் மாறும் சிவிரி கியர், நிக்கல் பற்றரி. பற்றரி அளவுக்கோடுகள் சட்டென்று விழுந்து சட்டென்று ஏறினால் பற்றரி சோர்ந்துவிட்டது, விலையைக் குறையுங்கள்.

2013 செப்ரெம்பரில் வந்த ஜிபி5இல்தான் கவனம் வேண்டும். லித்தியம் பற்றரி, ஏழு கியர், எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளச். அது வந்து ஓராண்டு சற்றுக் கடப்பதற்குள் ஐந்து ரீகோல்கள், அதாவது குறை திருத்தக் கார்களை ஹொண்டாவே திருப்பி அழைத்தது. தொடக்கத்தில் வந்தவை கியர் மென்பொருளுக்கானவை. அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று ஹொண்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் செசி நம்பரை இட்டுப் பார்க்கலாம்.

நெரிசலில் இந்தக் கார் மோட்டாரில் ஊர்வதே நல்லது. ஆனால் ஏசியும் அதே பற்றரியில் ஓடுகிறது. கஸ்தூரியார் வீதியில் மதிய வெயிலில் நின்று நின்று போகையில் பற்றரி இறங்கும். எஞ்சின் விழித்து, கிளச் பாதி பிடித்தபடி வண்டியை இழுக்கும். சூடேறித் தேய்வது அப்போதுதான். ஆகவே இடைவெளி விட்டு நின்று, ஒரே தடவையாக நகருங்கள். அங்குலம் அங்குலமாக ஊர வேண்டாம்.

ஓடிப் பார்க்கையில் ஐந்து நிமிடம் போதாது. குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, ஏசி போட்டு, நெரிசலுக்குள் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போதும், ரிவேர்ஸிலும் நடுக்கம் இருக்கிறதா என்று உணருங்கள். பிறகு ஸ்கானரில் பற்றரி செல்களின் வோல்ற்றேஜ் வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் இருக்கையருகே பற்றரிக்குக் காற்று போகும் வாயில் தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்விக்க வேண்டும்; அதை மூடிச் சாமான் வைக்கவும் கூடாது.

ரேடியேற்றர் மூடியை எஞ்சின் ஆறியபின் மட்டும் திறவுங்கள். உள்ளே வெள்ளைப் படிவு இருந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நமது சுண்ணாம்புக்கல் நிலத்து நீர் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். கலந்தே வரும் கூலன்ரை அப்படியே ஊற்றுங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் ஓடிய கார் என்றால் மேலேற்றி அடித்தளத்தில் உப்புத் துரு பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.