காயத்தைப் பார்த்த முதல் ஐந்து நிமிடம்

புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையை மடிக்காத மாணவி. நோட்டை நீட்டும்போது சட்டைக்கை விலகிக் காயம் தெரிந்துவிடுகிறது. "ஐயோ, ஏன் இப்படிப் பண்ணினே?" என்று வகுப்பிலேயே ஆசிரியரின் குரல் உயர்ந்தால், அடுத்த முறை அவள் இன்னும் கவனமாக மறைப்பாள்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வளரிளம் பருவத்தினரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் ஒருமுறையாவது அப்படிச் செய்திருக்கிறார்கள். பலரும் சொல்வதுபோல இது கவன ஈர்ப்பு என்றால், இவ்வளவு பாடுபட்டு ஏன் மறைக்க வேண்டும்? தாங்க முடியாத மனவேதனையைச் சமாளிக்க வேறு வழி தெரியாமல் செய்பவர்களே அதிகம்.

தனியறைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலில் காயத்துக்கு முதலுதவி. பிறகு, பதறாத குரலில், "ரொம்பக் கஷ்டமா இருக்குபோல. சொல்லணும்னு தோணினா சொல்லும்மா, கேக்கிறேன்" என்றால் போதும். எப்படிச் செய்தாய் என்று துருவ வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. மீற நேர்ந்தால் இருக்கும் ஒரே நம்பிக்கையும் போய்விடும். யார் யாருக்குத் தெரிய வேண்டும், ஏன் என்பதை அவளிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

அன்றே பள்ளி ஆலோசகரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு யாருடையது என்பதைப் பள்ளி முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். "சாகணும்னு எண்ணம் வருதா?" என்று ஆலோசகர் நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் ஒரு நொடியும் தனியே விடாமல், அன்றே மனநல மருத்துவரிடமோ அவசர சிகிச்சைக்கோ சேர்க்க வேண்டும்.

பெற்றோரிடம் பேசும்போது மாணவியும் கூட இருப்பது நல்லது. திட்டாதீர்கள், அடிக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். வீட்டில்தான் ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளை முதலில் அணுக வேண்டும்.

"இனி செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்குவதும் இடைநீக்கம் செய்வதும் பலன் தருவதில்லை. காலை வழிபாட்டில் இதைப் பற்றிப் பேசுவது இன்னும் மோசம். ஒரே நட்பு வட்டத்துக்குள் இது பரவக்கூடியது. தோழிகளிடம் தனித்தனியாகப் பேசுங்கள்.

விளையாட்டு வகுப்பில் அவள் முழுக்கைச் சட்டை அணியலாம் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.