சொல் விளக்கம்: டைமிங் பெல்ட்

சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைப் பார்த்தாயிற்று, டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிச் சோதித்தாயிற்று. அப்படியும் பழைய டீசல் கார் காலையில் கிளம்ப மறுத்து வெண்புகை விடுகிறது என்றால், மதுரைப் பட்டறைகளில் அடுத்து விழும் சொல் "டைமிங் அவுட்". சிலர் "பல் தாண்டிவிட்டது" என்பார்கள். இரண்டும் டைமிங் பெல்ட்டைப் பற்றிய பேச்சுதான்: பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைக்கும் பெல்ட் அது.

இதை "நேரப் பட்டை" என்று சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதுவதை எங்கே கண்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. கைக்கடிகாரக் கடையில் வாங்கும் பொருள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். பிழை பொருளிலும் இருக்கிறது. நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் தண்டு இருமுறை சுற்றினால் கேம் தண்டு ஒருமுறை சுற்றும். நிமிடத்துக்கு 800 சுற்றில் இன்ஜின் ஓடும்போது ஒரு வால்வு 400 தடவை திறக்கும். 4,000 சுற்றில் 2,000 தடவை. நொடிக்கணக்கு இப்படி ஓயாமல் மாறிக்கொண்டேயிருக்க, எதற்குப் பின் எது, எந்தக் கோணத்தில் எது என்ற ஒழுங்கு மட்டும் மாறாது. அந்த ஒழுங்கைக் காப்பதே பெல்ட்டின் வேலை.

அதற்குத் தமிழில் பழகிய சொல் உண்டு: முறை. வைகையாற்றுப் பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயின் தண்ணீரைக் கள்ளந்திரி வரை இருபோகத்துக்கும், அதற்கப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். அதற்கு முறைப்பாசனம் என்று பெயர். முறை தப்பி மடை திறந்தால் ஒரு வயல் மூழ்கும், இன்னொன்று காயும். வால்வுக்கும் இதே கதிதான். முறைமாமன், முறைப்பெண் என்று உறவுக்கும் இச்சொல் புழங்குவதால் குழம்புமே என்று கேட்கலாம். இத்தனை காலமும் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

அடுத்து 'பெல்ட்'. இலத்தீனத்தின் 'பால்டெயுஸ்' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வாளைத் தொங்கவிடும் தோள்வார் என்பது அதன் பொருள். நம்மிடமும் வார் என்றால் நீளவாக்கில் அறுத்தெடுத்த தோல்தான். முரசை இழுத்துக் கட்டியது வார், செருப்பில் இருப்பதும் வார். பட்டை என்றாலும் தவறில்லை, ஆனால் மரப்பட்டை முதல் நெற்றிப்பட்டை வரை அதற்கு வேலை அதிகம். வாரே பொருத்தம். இயந்திரங்களுக்கான பெல்ட் செய்யும் ஃபென்னர் ஆலை கோச்சடையில் இருக்கும் ஊர் இது. ஒரு தமிழ்ப்பெயர் வைக்க மதுரைக்கு உரிமை உண்டு என்றே சொல்வேன்.

சாதாரண வார் உராய்வால் இழுப்பது; கொஞ்சம் வழுக்கினாலும் குடி முழுகிவிடாது. முறை காக்கும் வார் வழுக்கவே கூடாது என்பதால் உள்பக்கம் பல் வைத்தார்கள். 1940களில் அமெரிக்காவில் இது முதலில் செய்யப்பட்டது காருக்காக அல்ல, தையல் இயந்திரத்துக்காக: மேலே ஊசியும் கீழே பாபினும் இசைந்து ஓட வேண்டுமே. மதுரைப் புதுமண்டபத்தில் முன்பு கடை வைத்திருந்த தையற்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் இன்ஜினில் பல்வார் ஏறியது. லாரியிலும் கிணற்றடி டீசல் இன்ஜினிலும் அந்த வேலையைச் செய்பவை பல்சக்கரங்கள். ஸ்விஃப்ட் டீசலில் சங்கிலி. 1998 இறுதியில் வந்த இண்டிகா டீசலில் பல்வார்.

ஆகவே என் பரிந்துரை: முறைப் பல்வார். கிராங்குக்கு வணரி என்ற சொல்லும் எழுத்தில் உண்டு. யாழின் வளைந்த தண்டைச் சங்கப் பாடல் வணர்கோடு என்கிறது. வணர் என்றால் வளைவு. அழகான சொல். ஆனால் பட்டறையில் போய் வணரி என்று கேட்டுவிட்டு உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று என்னைக் குறை சொல்லக் கூடாது.

"பெல்ட் அலைன்மென்ட் சரியில்லை" என்ற பேச்சில் இரண்டு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வார் பல் தாண்டி முறை தப்புவது. மற்றது, வார் கப்பியின் ஓரத்துக்கு நகர்ந்து விளிம்பு நைவது. இதை ஓரம் போதல் எனலாம். வாரை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் தளர்ந்து சாய்ந்ததோ, அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட் வளைந்ததோ காரணமாக இருக்கும். அதை மாற்றாமல் கப்பிகளில் முறையைக் காட்டும் மார்க்கை எத்தனை சுத்தமாக வைத்தாலும் புது வாரும் பழைய வழியிலேயே போகும். ஆயில் சீலோ வாட்டர் பம்ப்போ கசிந்து வார் ஊறியிருந்தால் அதையும் அப்போதே முடித்துவிட வேண்டும்.

முறை தப்பியதாக ஐயம் வந்ததும் செல்ஃப் அடிப்பதை நிறுத்த வேண்டும். பழைய டீசல்களில் அமுக்க விகிதம் 22:1 அளவுக்கு இருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. கிராங்க் கப்பியில் 20 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தாண்டினாலே 18 பாகை போய்விட்டது. இரண்டு, மூன்று பல் என்றால் வால்வு வளைந்து ஹெட்டை இறக்க வேண்டி வரலாம்.

திருத்துவது இப்படி. ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றினால் அமுக்கம் விலகிக் கிராங்க் எளிதாகச் சுற்றும். ஸ்பானர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றி முதல் சிலிண்டரை டிடிசிக்குக், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்குக், கொண்டுவர வேண்டும். முறை தப்பிய இன்ஜினாதலால் எங்கே தட்டுப்பட்டாலும் கை நிற்க வேண்டும். கிராங்க், கேம், டீசல் பம்ப் மூன்றின் மார்க்கும் அந்த இன்ஜினின் கையேடு சொல்லும் இடத்தில் நிற்க வேண்டும். கப்பிகளை அசையாமல் பூட்டும் ஊசிகள் இருந்தால் செருகலாம், ஆனால் ஊசியை நம்பிப் போல்ட்டை முடுக்கக் கூடாது. புது வாரைக் கிராங்கிலிருந்து தொடங்கி, இழுக்கும் பக்கம் விறைப்பாக இருக்க மாட்டிக்கொண்டே போய், தொய்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் விட வேண்டும். டென்ஷன் வைத்து, ஊசிகளை உருவிவிட்டு, கையால் கிராங்கை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று முடித்திருக்கும். மூன்று மார்க்கும் திரும்ப அதே இடத்தில் கூட வேண்டும். கூடாவிட்டால் கழற்றி மறுபடி மாட்டுவதுதான் வழி.

மார்க் கூடியும் தட்டும் ஓசையோ புகையோ மிஞ்சினால், பம்ப்பின் நுண்ணிய முறை மீதமிருக்கிறது என்று கொள்ளலாம். சுழல்வகை பம்ப்பில் நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் வைத்து அளந்து, பம்ப் உடலைச் சற்றே திருப்பி அதைச் சரிசெய்வார்கள். அந்தக் கருவி டீசல் பம்ப் கடைகளில்தான் இருக்கும்.