தீக்குச்சி தின்ற தாடை

"எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்ளும் அம்மாவைப் பல் பிடுங்க அழைத்துப்போனால், பல் மருத்துவர் ஏன் அந்த ஊசியைப் பற்றியே துருவித் துருவிக் கேட்கிறார்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இடுப்பெலும்புக்குப் போடும் ஊசிக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் என்ன உறவு? இதற்கு விடை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் கிடக்கிறது. கொஞ்சம் சுற்றுவழிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்பரஸுக்குப் பல வடிவங்கள் உண்டு என்பது பள்ளிப்பாடம். வெள்ளை பாஸ்பரஸில் நான்கு அணுக்கள் நான்முகியாக (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்) பிணைந்திருக்கும். பிணைப்புக் கோணம் 60 பாகை. பாஸ்பரஸுக்கு இது முறுக்கிக்கொண்டு உட்காரும் நிலை; வளைத்துக் கட்டிய மூங்கில் மாதிரி, எப்போது கட்டு அவிழும் என்று காத்திருக்கும். வெதுவெதுப்பான காற்றில் தானாகவே தீப்பிடிக்கும் என்பதால் தண்ணீருக்குள் போட்டு வைப்பார்கள். 44 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். இதையே காற்றுப் படாமல் 250 டிகிரி அளவில் சூடாக்கினால் நான்முகிகள் உடைந்து சங்கிலிகளாகக் கோத்துக்கொண்டு சிவப்பு பாஸ்பரஸ் ஆகும். அது ஆவி விடாது, நஞ்சும் அநேகமாக இல்லை. வேதியியலாளர் ஆன்டன் ஷ்ரோட்டர் இதை வியன்னாவில் 1845இல் காட்டினார்.

1830களிலிருந்து சந்தையை ஆண்டது வெள்ளை பாஸ்பரஸ் குச்சி. சுவர், செருப்பு என எதில் உரசினாலும் பற்றும். வெந்நீரில் வச்சிரப் பசையைக் கரைத்து, அதில் பாஸ்பரஸைப் போட்டுக் கிளறினால் அது உருகிப் பொடிப்பொடித் துளிகளாகப் பரவும். பசை ஒவ்வொரு துளியையும் போர்த்திக் காற்றிலிருந்து காக்கும். உடன் பொட்டாசியம் குளோரேட், கண்ணாடித்தூள், சாயம். இந்த மருந்தைச் சூடான தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி வைப்பார்கள். இரட்டை நீளக் குச்சிகளைச் சட்டத்தில் இடைவெளி விட்டு அடுக்கி, முதலில் உருக்கிய மெழுகிலோ கந்தகத்திலோ, பிறகு மருந்தில் இரு முனைகளையும் முக்கி, காயவைத்து, நடுவில் வெட்டிப் பெட்டியில் அடைப்பார்கள்.

தட்டு சூடாக இருந்தால்தான் மருந்து இறுகாது. சூடாக இருப்பதால்தான் ஆவியும் நிற்காது. கலப்பவர், முக்குபவர், காயப்போடுபவர் எல்லோரும் அதைச் சுவாசித்தார்கள். வெட்டும்போது குச்சிகள் குப்பென்று பற்றும், புகை மூஞ்சியில் அடிக்கும். சாப்பாட்டுக்குத் தனி இடம் கிடையாது. வேலைப் பலகையிலேயே ரொட்டியை வைத்துத் தின்றதால் மருந்து வயிற்றுக்கும் போனது. ஆவி ஆக்சிஜனோடு சேரும்போது குளிர்ந்த ஒளி வரும். அதனால் இவர்களின் உடையும் கையும் இருட்டில் பச்சையாக மினுங்கின, சிலருக்கு மூச்சும்கூட. நம்மூராக இருந்தால் கொள்ளிவாய்ப் பிசாசு என்று வேப்பிலையோடு வந்திருப்பார்கள். ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் பரிகாரமும் அதைவிடப் பெரிய உயர்வில்லை: டர்பன்டைன் நிரப்பிய சிறு குப்பியைத் தொழிலாளியின் மார்பில் தொங்கவிட்டார்கள். டர்பன்டைன் ஆவி பாஸ்பரஸின் மினுக்கத்தை அணைக்கும் என்பது உண்மை. மினுக்கம் போனால் நஞ்சும் போகும் என்பது முதலாளிகளின் ஆசை.

நோய் பல்வலியாகத்தான் தொடங்கும், அதுவும் வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து. பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாது. ஈறு பின்வாங்கி எலும்பு வெளியே தெரியும், சீழ் வடியும், அறையில் யாரும் உட்கார முடியாத நாற்றம் எழும். கடைசியில் செத்த தாடையெலும்பு துண்டாகக் கழன்று வரும், அல்லது அறுத்து எடுக்க வேண்டும். வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845இல் இந்நோயை விவரித்துவிட்டார். நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார்.

உடம்பில் இருநூற்றுச் சொச்சம் எலும்புகள் இருக்க, ஏன் தாடை மட்டும்?

எலும்பு கல்தூண் மாதிரி தோன்றினாலும் ஓயாமல் பராமரிப்புப் பணி நடக்கும் கட்டடம் அது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல், மயிரிழை விரிசல் விட்ட பழைய எலும்பின் மேல் உட்கார்ந்து அமிலம் சுரந்து அரித்தெடுக்கும். அந்தக் குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பைப் பூசும். பழைய பூச்சைச் சுரண்டாமல் புதுப் பூச்சு நிற்காது என்று கொத்தனார் சொல்வாரே, அதே விதி. சுரண்டும் ஆளை நிறுத்தினால் பூசும் ஆளும் சும்மா இருப்பார்.

இப்போது எலும்புத் தேய்மான மருந்துக்கு வருவோம். பிஸ்பாஸ்பனேட் என்ற இக்குடும்பத்தின் மூலக்கூறுகளில் இரண்டு பாஸ்பரஸ் அணுக்களுக்கு நடுவே ஒரு கார்பன் இருக்கும். உடலில் இயற்கையாக உள்ள பைரோபாஸ்பேட்டில் அந்த நடு இடத்தில் ஆக்சிஜன். அதை நொதிகள் வெட்டிவிடும். கார்பன் உள்ள பாலத்தை வெட்ட முடியாது. இரு பாஸ்பரஸ் முனைகளும் எலும்பின் கால்சியத்தை நண்டுக் கொடுக்குபோல் கவ்விக்கொள்ளும். ரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் நீங்கினாலும் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும். அந்த இடத்தை ஆஸ்டியோகிளாஸ்ட் அரிக்க வரும்போது மருந்தையும் சேர்த்து விழுங்கும். நைட்ரஜன் உள்ள வகைகள் செல்லுக்குள் ஒரு முக்கியமான நொதியை முடக்க, செல் செயலிழந்து மடியும். கண்ணி வைத்த இடத்துக்கு எலி தானாக நடந்து வருவது போலத்தான். தேயும் எலும்புக்கு இது வரம். இக்குடும்பத்து ஊசியான சோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்பதன் ரகசியம் இதுவே.

தாடையின் கதை வேறு. மெல்லும் அழுத்தத்தால் அங்கே விரிசலும் பழுதுபார்ப்பும் மிக வேகம், ஆகவே மருந்தும் அங்கே கூடுதலாகப் படியும். கையெலும்பின் மேல் தோல், கொழுப்பு, தசை என்று கனமான போர்வை இருக்கிறது. தாடைக்கு மெல்லிய ஈறு மட்டுமே. அதையும் துளைத்துக்கொண்டு பற்கள் நிற்கின்றன. சொத்தைப் பல் என்பது பாக்டீரியாவுக்கு எலும்புவரை போட்டுக் கொடுத்த பாதை. பழுதுபார்க்க ஆளில்லாத எலும்பில் பல்லைப் பிடுங்கினால் குழி தூராது, கிருமி குடியேறும், எலும்பு சாகும். 2003இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் பிஸ்பாஸ்பனேட் பெற்ற 36 பேரிடம் இதே அழுகலை அறிவித்தார். பழைய தீப்பெட்டித் தொழிலாளர் நோயின் குறிப்புகளோடு அது அச்சு அசலாகப் பொருந்தியது. பாஸ்பரஸ் ஆக்சைடு, நீர், கார்பன் டை ஆக்சைடு, அமினோ அமிலம் ஆகியவை உடலில் சேர்ந்து பிஸ்பாஸ்பனேட் போன்ற பொருளே உருவாகியிருக்கும் என்பது அவருடைய கருதுகோள். நிரூபணம் ஆகவில்லை என்றாலும் சுலபத்தில் தள்ளிவிட முடியாதது. தீப்பெட்டித் தொழிலாளர்களுக்குத் தொடையெலும்பு முறிவுகளும் பதிவாகியுள்ளன. நீண்ட காலம் பிஸ்பாஸ்பனேட் எடுப்பவர்களிலும் சிலருக்கு அப்படி நேர்கிறது.

இந்த அறிவோடு முதலாளிகளின் பல் விதியைப் பாருங்கள். கிழக்கு லண்டனின் போ பகுதியில் இருந்த பிரயன்ட் அண்ட் மே ஆலையில் பல்வலி என்று சொன்னால் பல்லைப் பிடுங்கிக்கொள், இல்லையேல் வேலையை விட்டுப் போ என்ற நிலை. ஆவியில் ஊறிய தாடையில் பல் பிடுங்குவது நோய்க்கு வாசற்கதவைத் திறந்து வைப்பது. ஆகவே பெண்கள் வலியை மறைத்தார்கள். ஆலைக்கு அதுவும் நல்லதாயிற்று. கணக்கில் நோயாளி குறைந்தார்.

1888 ஜூனில் அன்னி பெசன்ட் (பின்னாளில் அடையாற்றில் பிரம்மஞான சபைத் தலைவியாக இருந்த அதே பெசன்ட்) இந்த ஆலையைப் பற்றி எழுதினார். பங்குதாரருக்கு 23 சதவீத ஈவு. 16 வயதுப் பெண்ணுக்கு வாரம் 4 ஷில்லிங். அதிலும் காலில் அழுக்கு என்றால் 3 பென்ஸ் அபராதம். பெசன்ட் எழுதியது பொய் என்று ஆலை கையெழுத்திடச் சொன்னபோது பெண்கள் மறுத்தார்கள். ஜூலையில் சுமார் 1,400 பேர் வெளிநடப்புச் செய்து, இரண்டு வாரத்துக்குள் வென்றார்கள். அபராதம் ஒழிந்தது, சாப்பிடத் தனி அறை கிடைத்தது. வேதியியல்படி அந்த அறை சின்ன வெற்றியில்லை: ரொட்டி வழியாகப் போன பாஸ்பரஸாவது குறைந்திருக்கும். ஆவி குறையவில்லை. வெள்ளை பாஸ்பரஸை ஆலை கைவிட்டது 1901இல்தான். இடையில் 1898இல், 17 நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காத குற்றத்துக்கு 25 பவுண்டு சொச்சம் அபராதம் கட்டியது.

மாற்று தெரியாமல் நடந்த விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. சிவப்பு பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் பூசும் ஸ்வீடன் முறையின் பிரிட்டிஷ் உரிமையை இதே நிறுவனம் 1855இலேயே வாங்கியிருந்தது. ஆனால் அந்தப் பெட்டி விலை கூடுதல். எங்கும் உரசலாம் என்ற வசதியும் அதில் இல்லை. மக்கள் கேட்பதைத்தானே விற்கிறோம் என்பதே வாதம். இரட்சணிய சேனை 1891இல் சிவப்பு பாஸ்பரஸ் ஆலை திறந்து, ஒரு குரோஸ் (144) பெட்டிக்கு மற்றவர்கள் தந்த இரண்டரை பென்ஸுக்குப் பதில் 4 பென்ஸ் கூலி கொடுத்துக் காட்டியது. 1898இல் பிரான்சின் செவேன், காஹேன் இருவரும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடைக் கொண்டுவந்த பிறகு, எங்கும் உரசும் குச்சிக்கும் வெள்ளை பாஸ்பரஸ் தேவைப்படவில்லை. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் தடை செய்ததை, பிரிட்டன் 1910 முடிவில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. அதனால் 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் முளைத்தபோது வேறு துன்பங்கள் வந்தாலும் இந்தத் தாடை நோய் வரவில்லை. தொழில்சார் நோய் ஆய்வுக்கு இன்றும் பணம் ஒதுக்கக் கை நடுங்குபவர்கள், லோரின்சர் நோயை விவரித்ததிலிருந்து பிரிட்டனின் தடைச்சட்டத்துக்கு ஆன 65 ஆண்டுகளை எண்ணிப்பார்க்கலாம்.

வாசகரின் அம்மாவுக்கு: எலும்புத் தேய்மான அளவில் இந்தச் சிக்கல் மிக அரிது, புற்றுநோய்க்காக அதே சோலெட்ரோனிக் அமிலத்தை 4 மில்லிகிராம் அளவில் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெறுபவர்களுக்கே அபாயம் அதிகம். ஊசி தொடங்கும் முன் சொத்தைப் பற்களைச் சரிசெய்துவிடுவது உத்தமம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, எத்தனை ஆண்டாகப் போடுகிறார் என்ற மூன்றையும் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிடுங்காமல் வேர்ச் சிகிச்சையால் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். பயந்துபோய் ஊசியைத் தாமாக நிறுத்த வேண்டாம்.